சவரியம்மாளிடம் போய் நின்ற அம்புகள்

நல்ல வரைபடம் ஒரே தாளில் அடங்கிவிட வேண்டும் என்பது என் பிடிவாதம். மடித்து வைத்த தாளை யாரும் முழுவதாக விரித்துப் பார்ப்பதில்லை. பதினாறு வருட அனுபவத்தில் நான் கண்டது இது.

வந்தனா மேடம், நேற்று விசாரணை அறையில் நீங்கள் வெள்ளைத் தாள்களையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தி வைத்து, எந்த மொழியில் யோசிக்கிறேனோ அந்த மொழியிலேயே எழுதலாம், மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது என்றீர்கள். நல்ல ஏற்பாடு. நான் அலுவலகத்தில் ஆங்கிலத்தில் எழுதுகிறவன், ரயிலில் இந்தியில் சண்டை போடுகிறவன். யோசிப்பது மட்டும் தமிழில். எனவே கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஏஞ்சலோ. வயது நாற்பது. பிறந்தது தாராவி. இப்போது செம்பூரில், லிஃப்ட் உள்ள கட்டடத்தின் மூன்றாவது மாடியில், மனைவி ஆனியோடும் மகளோடும் இருக்கிறேன். அரசாங்கத் திட்டங்கள் சரியாக நடக்கின்றனவா என்று பார்த்துச் சொல்லும் நிறுவனம் ஒன்றில் மூத்த மதிப்பீட்டாளர். தேசிய நுரையீரல் நல வியூகத்தை மும்பையில் மதிப்பிடும் வேலை எங்களுக்கு வந்தபோது, தாராவிப் பகுதியை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஊர் தெரிந்தவன் என்பதால் உடனே கொடுத்தார்கள்.

வியூகத்தின் நோக்கம் எளிமையானது. டிபி வந்த ஒவ்வொருவரும் ஒரு நாள்கூடத் தவறாமல் மாத்திரை சாப்பிட்டுக் குணமாக வேண்டும். இதைச் சொல்ல இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள். 'ஒருங்கிணைந்த' என்ற சொல் அதில் முந்நூற்று நாற்பது இடங்களில் வருகிறது. எண்ணுவதும் என் வேலையில் சேர்ந்ததுதான்.

இதை மதிப்பிட நாங்கள் அமைப்பு வரைபடம் என்ற முறையைக் கையாள்கிறோம். பெரிய விஷயமில்லை. சம்பந்தப்பட்ட இருபது பேரை ஒரு அறையில் உட்கார வைத்து, எது எதைப் பாதிக்கிறது என்று கேட்க வேண்டும். குழாயில் தண்ணீர் வரவில்லை. அதனால் ஒருத்தி லைனில் நிற்கிறாள். அதனால் மருந்து வாங்கப் போகவில்லை. அதனால் நோய் திரும்புகிறது. ஒவ்வொன்றையும் ஒரு மஞ்சள் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அம்பு போட்டுக்கொண்டே போனால், மாலைக்குள் சுவரில் திட்டத்தின் உண்மையான உருவம் தெரிந்துவிடும். பாரம் எந்த இடத்தில் போய் இறங்குகிறது என்பதும் தெரிந்துவிடும்.

சென்ற ஆண்டு ஜனவரியில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் பட்டறை நடத்தினோம். டாக்டர், மருந்தாளர், சளிச் சோதனைக்கூடத்துக்காரர், கணினியில் பெயர் ஏற்றுபவர், தொண்டு நிறுவனத்தார், வார்டு அலுவலகத்து ஆட்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். மதியம் வரை வேலை அழகாக நடந்தது. மருந்து வருகிறது, கொடுக்கிறோம், சாப்பிடுகிறார்கள், குணமாகிறார்கள் என்று வரிசையாகச் சொன்னார்கள். சுவரில் இருந்ததும் அந்த இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் இருந்ததும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தன. ஒரு மதிப்பீட்டாளனுக்கு இப்படி அமைவது அபூர்வம்.

தேநீர் இடைவேளைக்கு முன் சமூகத்தின் குரலைப் பதிவு செய்துவிட வேண்டும் என்பது விதி. சமூகத்தின் குரலாகச் சவரியம்மாளை அழைத்திருந்தோம். கடைசி வரிசையில் சமோசாத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வயது அறுபத்து மூன்று. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் தாராவிக்கு வந்தவர். தோல் பட்டறையில் வேலை செய்த கணவர் டிபியில் போன பிறகு, ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்துகொண்டே, மாவு மில்லுக்குப் பக்கத்துச் சிறிய அறையில் நோயாளிகளை உட்கார வைத்து மாத்திரை விழுங்க வைக்கிற வேலையைத் தானாக ஆரம்பித்தார். யாரும் அவரை நியமிக்கவில்லை. ஆகவே யாராலும் நீக்கவும் முடியவில்லை.

நீங்கள் ஏதாவது சொல்கிறீர்களா அக்கா என்று மரியாதைக்குக் கேட்டேன். அவர் சமோசாத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைக் காட்டினார்.

"தப்பா எடுத்துக்கிடாதிய. மருந்து வருதுன்னு கோடு போட்டிருக்கியளே, போன மழைக்கு ரெண்டு மாசம் வரலியே. அப்பம் சனங்க எதைத் தின்னுச்சின்னு போடலியே?"

மருந்தாளர் லேசாகச் சிரித்து, அந்த இரண்டு மாதமும் சவரியக்காவிடமிருந்துதான் வந்தது என்றார். வேறு பகுதிகளில் மீந்த மாத்திரை அட்டைகளை இவர் நடந்து நடந்து கேட்டு வாங்கி வைத்திருந்தாராம். நான் ஒரு மஞ்சள் காகிதத்தில் 'சவரியம்மாள்' என்று எழுதி ஒட்டி ஒரு அம்பு போட்டேன்.

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. முகவரிச் சான்று இல்லாத நோயாளியை எப்படிக் கணினியில் ஏற்றுகிறீர்கள் என்று கேட்டால், சவரியக்காவின் அறை முகவரியைப் போடுகிறோம் என்றார்கள். சளி டப்பாவைச் சோதனைக்கூடத்துக்கு யார் கொண்டுவருகிறார்கள் என்றால் அவர்தான். வாந்தி வருகிறது என்று மருந்தை நிறுத்துகிறவர்களிடம் யார் பேசுகிறார்கள் என்று டாக்டரைக் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாலு மணிக்கு எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தேழு அம்புகள் அந்த ஒரு காகிதத்தில் போய் நின்றன. பாரம் தாங்காமல் அது கழன்று விழுந்தது. அவரே குனிந்து எடுத்து, நாக்கில் தொட்டு ஒட்டப் பார்த்தார். நோய்த் தடுப்பு குறித்த பட்டறை என்பதால் நான் குண்டூசி கொடுத்தேன்.

"நான் என்னத்தச் செஞ்சிட்டேன். அவிய வந்து வாசல்ல நிக்காவ. நிக்கவியள போன்னு சொல்ல முடியுமா?" என்றார்.

அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க மாட்டேன். ஒரு தேசிய வியூகம் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்துவிட்டேன். அது மாவு மில்லுக்குப் பக்கத்தில் நின்றது.

மாட்டுங்காவில் குடியிருக்கும் என் மேலாளர் நாகலக்ஷ்மி மேடத்திடம் மறுநாள் காட்டினேன். அவர் கெட்டவர் இல்லை. முப்பது வருடமாகப் பொதுச் சுகாதாரத்தில் இருப்பவர். டிபன் டப்பாவை மூடி ஓரமாக வைத்துவிட்டு வரைபடத்தின் மேல் குனிந்தார்.

"இதென்னப்பா ஏஞ்சலோ, எல்லா அம்பும் ஒரு பொம்மனாட்டிகிட்டப் போய் முட்டிண்டு நிக்கறது?"

"அதுதான் மேடம் கண்டுபிடிப்பு."

"கண்டுபிடிப்பு சரி. டெல்லிக்கு இதை எப்படி எழுதறது? நாளைக்கு இந்த மாமிக்கு ஜுரம் வந்தா தேசத்துக்கே ஜுரம்னு ஆயிடுமே. நான் தப்புன்னு சொல்லலை. ஒரே பக்கத்துல அடங்கற மாதிரி பண்ணு, அவ்வளவுதான்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வரைபடத்தை மென்பொருளில் ஏற்றியபோது அதுவும் அதையே சொன்னது. எல்லா அம்பும் ஒரே புள்ளியில் குவிந்தால் 'தனிநபர் சார்பு, கடும் அபாயம்' என்று சிவப்பில் காட்டும். அபாயத்தை நீக்கப் பரிந்துரைக்க வேண்டியது மதிப்பீட்டாளனின் கடமை. இந்த இடத்தில் அபாயம் சவரியம்மாள்.

நான் அந்தப் புள்ளியை நீக்கினேன். நாற்பத்தேழு அம்புகள் போக இடமில்லாமல் நின்றன. அவற்றை அடுத்து இருந்த புள்ளிகளோடு நேராக இணைத்தேன். மருந்துக் கிடங்கிலிருந்து 'நோயாளி குணமடைதல்' வரை இப்போது ஒரே கோடு. வளைவு இல்லை, குறுக்கே வெட்டுவது இல்லை. வரைபடம் ஒரே தாளில் அடங்கியது. டெல்லியிலிருந்து, இத்தனை தெளிவான வரைபடத்தை இதற்கு முன் பார்த்ததில்லை என்று கடிதம் வந்தது. அடுத்த இரண்டு நகரங்களில் பயிற்சி கொடுக்க என்னை அனுப்பினார்கள்.

அறிக்கையில் என் ஏழாவது பரிந்துரை இது: அங்கீகாரமில்லாத மருந்து வழங்கும் இடங்களை மூடி, அங்கே வரும் நோயாளிகளை அங்கீகரிக்கப்பட்ட மையத்துக்கு மாற்ற வேண்டும், அதற்காக அங்குள்ள பதிவேடுகளை மதிப்பீட்டுக் குழு பெற்று, சரிபார்த்து, மையத்திடம் ஒப்படைக்க வேண்டும். சொற்களில் குறை காண முடியாது. நீங்களும் நேற்று இரண்டு முறை படித்துவிட்டுக் குறை சொல்லவில்லை.

பதிவேடுகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் மாணவர் வருகையைக் குறிக்கும் நீளமான பதிவேடுகள் அவை. மீந்ததைப் பள்ளிக்கூடத்தார் ஆயாவுக்குக் கொடுத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு பக்கம். மாத்திரை விழுங்கிய நாளுக்கு நீல டிக், தவறிய நாளுக்குச் சிவப்பு. பக்கத்தின் மேலே பெயர், வயது, உண்மையில் எங்கே இருக்கிறார்கள், எந்த நம்பருக்கு எப்படிப் பேச வேண்டும் என்று இருக்கும். 'எப்படி' என்பது முக்கியம். பாதிப் பேர் வீட்டுக்குத் தெரியாமல் வருகிறவர்கள். உதாரணமாக சாயிமா என்று ஒரு பெண். வயது இருபத்தாறு. துணியில் ஜரியும் மணியும் தைக்கும் வேலை, ஒரு குழந்தை. மாமியார் வீட்டில் நோய் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். இட்லி மாவு வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்து மாத்திரை விழுங்கிவிட்டு, கையில் உண்மையாகவே ஒரு டப்பா மாவோடு திரும்பிப் போவாள். அவள் பக்கத்தில் 'போன் பண்ணினா மாவு ஆட்டியாச்சுன்னு சொல்லணும்' என்று எழுதியிருந்தது.

அப்போது அவரிடம் சிகிச்சையில் இருந்தவர்கள் முப்பத்தெட்டுப் பேர். அவர்கள் எல்லாருக்கும் அரசாங்கக் கணினியில் இருந்தது சவரியம்மாளின் முகவரி மட்டும். உண்மையான முகவரி பதிவேட்டில் மட்டும்.

மார்ச் மாதம் அதை வாங்கப் போனேன். அரிசிச் சாக்கில் போட்டுத் தயாராக வைத்திருந்தார்.

"பழசு என்னத்துக்கு எய்யா? அதுல இருக்கவிய எல்லாம் சொகமாயி எங்கெங்கயோ போயிட்டாவ. இப்பம் உள்ள ஒண்ணு போதாதா?"

"முழுசா இருந்தாத்தான் கம்ப்யூட்டர்ல ஏத்த முடியும்க்கா."

"அப்பம் கொண்டு போ. பத்திரம் எய்யா. வெளிய தெரிஞ்சா எத்தன குடும்பம் பிரியும்னு எனக்குத் தெரியும்." சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். "உனக்குத் தெரியாததா."

பதினொரு பதிவேடுகள். ஆட்டோவில் வைத்துச் செம்பூர் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தேன். வாயில் காவலர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அதன் நகலைத்தான் நேற்று மேசைமேல் வைத்தீர்கள்.

ஏப்ரலில் மாவு மில்லுக்குப் பக்கத்து அறையில் அறிவிப்பு ஒட்டிப் பூட்டினார்கள். சவரியம்மாளை வெறுமனே அனுப்பிவிடவில்லை என்பதைக் குறிப்பிட விரும்புகிறேன். அவரை அமைப்புக்குள் கொண்டுவர வேண்டும் என்று நானே சிபாரிசு செய்து, ஆறு வாரப் பயிற்சிக்கு அனுப்பினோம். பயிற்சியின் தலைப்பு, பதிவேடுகளைப் பராமரிக்கும் முறை. தினமும் காலையில் பஸ் ஏறிச் செம்பூர் வந்து, மாலையில் திரும்பினார். சான்றிதழும் கொடுத்தார்கள்.

அந்த ஆறு வாரத்தில் முப்பத்தெட்டுப் பேரும் பூட்டிய அறைக்கு வந்து, அறிவிப்பைப் படித்தோ படிக்கச் சொல்லிக் கேட்டோ, மையத்துக்குப் போயிருக்கிறார்கள். மையத்தில் அவர்களுடைய முகவரி செல்லாது என்று கணினி சொன்னது. மூடப்பட்ட இடத்தின் முகவரி அல்லவா. பதிவேடு வந்தால் மாற்றிக்கொள்ளலாம், நாளை வாருங்கள் என்றார்கள். மைய டாக்டர் எனக்கு மூன்று கடிதம் எழுதினார். சரிபார்ப்பில் இருக்கிறது என்று மூன்று முறையும் அன்றே பதில் அனுப்பினேன்.

இங்கே ஒரு புள்ளிவிவரத்தைச் சொல்ல வேண்டும். பதிவேடு இல்லாததால் அந்த முப்பத்தெட்டுப் பேரும் சிகிச்சையைக் கைவிட்டவர்கள் கணக்கில் வரவில்லை. முகவரி செல்லாதவர்கள் கணினியிலிருந்து தானாகவே விலகிவிடுவார்கள். மீதி இருந்தவர்கள் ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறவர்கள். அந்தக் காலாண்டில் அந்தப் பகுதியின் குணமாகும் விகிதம் தொண்ணூற்றாறுக்கு ஏறியது. மும்பையிலேயே அதிகம். நாகலக்ஷ்மி மேடம் அலுவலகத்துக்கு மைசூர்பாகு வாங்கி வந்தார்.

பயிற்சி முடிந்து வந்த சவரியம்மாள், சான்றிதழை வீட்டில் வைத்துவிட்டு, ஞாபகத்திலிருந்தே சந்து சந்தாகப் போய்த் தேடத் தொடங்கினார். இருபத்தாறு பேரைக் கண்டுபிடித்து மையத்து டாக்டரிடம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் விட்டார். டாக்டரும் விதியைப் பார்க்காமல் மருந்து கொடுத்துவிட்டார். அவருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனது. மற்ற பன்னிரண்டு பேர் வீடு மாறிப் போயிருந்தார்கள். அவர்கள் முன்கூட்டியே சொல்லி எழுதவைத்த புதிய இடமும் நம்பரும் பதிவேட்டில்தான் இருந்தன. சவரியம்மாளுக்கு முகம் மறக்காது. எண்கள் நிற்காது.

பன்னிரண்டில் மூன்று பேர் இறந்தது தெரிந்திருக்கிறது. அதனால்தான் விசாரணை.

விசாரணைக்கு முன்பே, ஜூலையில் மையம் கேட்டபோது, பதிவேடுகளை ஏஞ்சலோவிடம் கொடுத்தேன் என்று சவரியம்மாள் சொன்னார். எனக்கு எதுவும் வரவில்லை என்று நான் அப்போதே எழுத்தில் கொடுத்தேன். டாக்டருக்கு எழுதிய மூன்று பதில்களில் 'சரிபார்ப்பில்' என்று சொன்னது வேறு ஆவணங்களைப் பற்றி என்றும் சேர்த்துக்கொண்டேன். அங்கீகாரமில்லாமல் மருந்து கொடுத்ததற்கும் பதிவேடுகளைத் தொலைத்ததற்கும் அவர்மேல் வழக்குப் போடலாம் என்று வார்டு அலுவலகத்தில் பேச்சு அடிபட்டது. பதிவேடுகள் எப்படித் தொலைந்திருக்கக்கூடும் என்பதற்கு, உங்கள் குழுவுக்கு உதவியாக, அறுபத்து மூன்று புள்ளிகள் கொண்ட ஒரு வரைபடம் தயாரித்துக் கொடுத்தேன். மழை, எலி, இடப்பற்றாக்குறை, பயிற்சியின்மை, போக்குவரத்து எல்லாம் அதில் உண்டு. உங்களுக்கு முன் விசாரித்த இரண்டு அதிகாரிகளும் அதை வைத்துக்கொண்டு வெகுநேரம் விவாதித்தார்கள். எப்படி என்பதுதான் அவர்களுடைய கேள்வி. நீங்கள் வரைபடத்தை ஓரமாக நகர்த்திவிட்டு, யார் என்று கேட்டீர்கள். அதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன்.

காரணத்தையும் கேட்டீர்கள். எங்கள் அறிக்கைப் படிவத்தின் முதல் பக்கத்தில் ஒரு வரி உண்டு. மதிப்பீட்டாளருக்கும் தகவல் தந்தவருக்கும் முன் தொடர்பு ஏதேனும் உண்டா என்று. நான் இல்லை என்று எழுதினேன். இல்லை என்று எழுதிய பிறகு அதை உண்மையாக்க வேண்டிய பொறுப்பும் என்னுடையதாகிவிட்டது.

எனக்கு இருபத்தோரு வயதில் டிபி வந்தது. அப்போது மாட்டுங்காவில் ஒரு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். வீட்டில் சொல்லவில்லை, அலுவலகத்தில் சொல்லவில்லை. எட்டு மாதம் தினமும் காலை ஆறரைக்கு மாவு மில்லுக்குப் பக்கத்து அறைக்குப் போனேன். சவரியம்மாள் மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்கினேனா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, ஒரு அவித்த முட்டை கொடுப்பார். எட்டு மாதத்தில் ஒரு சிவப்பு டிக் கூட இல்லை. குணமானேன். படித்தேன், உயர்ந்தேன். ஆனியைப் பெண் கேட்டுப் போனபோது அவளுடைய அப்பா, உடம்புக்கு ஏதும் உண்டா தம்பி என்றார். நல்லா இருக்கேன் மாமா என்றேன். அது உண்மை.

நோயை மறைப்பவர்களின் மனநிலை குறித்து அறிக்கையில் நான் எழுதிய நான்கு பக்கங்களை நீங்கள் படித்திருப்பீர்கள். அவப்பெயருக்குப் பயந்து மறைப்பவர்களால் வியூகத்துக்கு ஏற்படும் சேதத்தை அதில் விவரித்திருக்கிறேன். எங்கேர்ந்து இத்தனை தத்ரூபமா எழுதினே என்று நாகலக்ஷ்மி மேடம் கேட்டார். களப்பணி என்றேன்.

மூன்றாவது பதிவேட்டில், முப்பத்தோராம் பக்கத்தில் நான் இருந்தேன். ஏப்ரல் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம், அலுவலகத்தில் ஆள் இல்லாதபோது எடுத்துப் பார்த்தேன். 'ஏஞ்சலோ. 21. ஆறரைக்கு வருவான். வெள்ளைக்கரு மட்டும் தின்பான். வீட்டுக்குப் போன் பண்ணக் கூடாது.' அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தாள் நறுக்கும் இயந்திரத்தில் போட்டேன். என் வேலை அதோடு முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் அவர் தன் கையால் ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் போட்டிருந்தார். முப்பதுக்கு அடுத்து முப்பத்திரண்டு வந்தால் முப்பத்தொன்று எங்கே என்று ஒருவர் கேட்பார். மூன்றாவது பதிவேட்டையே எடுத்துவிட்டால், பதினொன்றில் பத்து வந்திருக்கிறதே, ஒன்று எங்கே என்று கேட்பார்கள். பதினொன்றும் இல்லாமல் போனால் கேட்க மாட்டார்கள். அது அமைப்பின் குறைபாடு. அதற்கு ஒரு குழு போடுவார்கள். தொழிலில் கற்றதை வைத்துத்தான் இந்த முடிவுக்கு வந்தேன்.

இயந்திரம் ஒரு நேரத்தில் ஆறு தாள்தான் எடுக்கும். நூல் கட்டைக் கத்தரிக்கோலால் வெட்டிப் பிரிக்க வேண்டியிருந்தது. இரண்டு மணிக்கு ஆரம்பித்தது ஐந்தைத் தாண்டிவிட்டது. பதினொன்றாவது பதிவேட்டுக்கு வந்தபோது கை வலித்ததால் சற்று உட்கார்ந்து, கடைசியாக எழுதியிருந்த பக்கத்தைப் படித்தேன். அது சாயிமாவினுடையது. மாமியார் குடும்பம் வீடு மாறப்போவதை அவள் முன்கூட்டியே வந்து சொல்லி, சவரியம்மாள் புதிதாக எழுதி வைத்திருந்தார். அம்பர்நாத், ஸ்டேஷனுக்குக் கிழக்கே, ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால், மூன்றாவது சந்து. பக்கத்துக் கடையின் போன் நம்பர். எனக்கு இந்த மாதிரி விவரங்கள் சுலபத்தில் மறப்பதில்லை. அது தொழிலுக்கு உதவும் ஒரு குணம்.

ஆகஸ்ட் மாதம் சவரியம்மாள் எனக்குப் போன் செய்தார். பின்னால் ரயில் அறிவிப்புச் சத்தம் கேட்டது.

"எய்யா, சாயிமாவத் தேடி அம்பர்நாத்துக்கு வந்து நிக்கேன். இதோட நாலு ஞாயித்துக்கெழம ஆச்சு. எந்தப் பக்கம்னு தெரியல. புக்கு போனா போவுது, அத உங்கிட்ட கேக்கல. நீ எங்கயாவது படிச்ச ஞாபகம் இருந்தா இடத்த மட்டும் சொல்லு."

ஞாபகம் இருந்தது. அவர் நின்ற இடத்திலிருந்து அது பத்து நிமிட நடை. பதிவேடு எனக்கு வரவே இல்லை என்று எழுத்தில் கொடுத்த பிறகு, அதில் இருந்த முகவரியைச் சொல்வது முன்னுக்குப் பின் முரணாகும். எனக்குத் தெரியாது அக்கா என்றேன். மழையில் நிற்காதீர்கள், வீட்டுக்குப் போங்கள் என்றும் சொன்னேன்.

சாயிமா அக்டோபரில் இறந்தாள். இரண்டு முறை மையத்துக்கு வந்து திரும்பிப் போனதாகவும், மூன்றாம் முறை வர ரயில் ஏற முடியவில்லை என்றும் பிறகு தெரிந்தது. அவளுடைய குழந்தைக்குச் சோதனை செய்து மருந்து ஆரம்பித்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். சவரியம்மாள் வாரம் இரண்டு முறை அம்பர்நாத் போய்வருகிறாராம். இப்போது அவருக்கு வழி தெரியும்.

ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். உங்கள் விசாரணையில், ஏஞ்சலோ ஏன் பொய் சொல்ல வேண்டும், அவருக்கு இதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் சவரியம்மாளைக் கேட்டபோது நான் அடுத்த அறையில் இருந்தேன். கதவு திறந்திருந்தது. அவருக்குக் காரணம் தெரியும். ஒரு வாக்கியத்தில் சொல்லியிருந்தால் அவர்மேல் இருந்த பழி அங்கேயே தீர்ந்திருக்கும்.

"அது எனக்குத் தெரியாதும்மா," என்றார்.

அவர் எப்போதும் அப்படித்தான் சொல்லியிருப்பார் என்று இப்போது புரிகிறது. முப்பத்தோராம் பக்கத்தை நான் கிழித்திருக்கவே வேண்டியதில்லை. தகவல் போதாத நிலையில் எடுத்த முடிவு என்று இதை வகைப்படுத்தலாம்.

மேலே எழுதியவை அனைத்தும் உண்மை. பதினொரு பதிவேடுகளையும் நான்தான் அழித்தேன். சாயிமா இருந்த இடம் தெரிந்தும் சொல்லாமல் இருந்தது நான்தான். யார் தூண்டுதலும் இல்லை; நாகலக்ஷ்மி மேடத்துக்கு எதுவும் தெரியாது. எந்தத் தண்டனைக்கும் கட்டுப்படுகிறேன்.

கையெழுத்திடும் முன் ஒரே ஒரு வேண்டுகோள். எனக்கு நோய் இருந்ததாகச் சொல்லும் பத்தியை மட்டும் எடுத்துவிட்டு மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். சாயிமாவின் பெயர், அம்பர்நாத் முகவரி, குழந்தையின் நிலை எல்லாவற்றையும் அப்படியே வெளியிடலாம், மக்களுக்கு விழிப்புணர்வு உண்டாகும். என் விஷயம் வேறு. எனக்குக் குடும்பம் இருக்கிறது.